ஒரு கிண்ணத்துக்கு ஒரு சந்தோஷம்

வேலை செய்யும் இடத்தில் சந்தோஷம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை மனித குலத்துக்கு நிரூபித்துக் காட்டியவன் நான். இரண்டரைப் பக்கத்தில் நிரூபித்தேன். கல்லூரி இதழில் வந்தது. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்; அடக்கம் என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே அக்கா இருந்தாள்.

அக்காவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத தளம். நாள் முழுக்க நோயாளிகளின் போர்வை, விரிப்பு, தலையணை உறை. மாலை ஆறு மணிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சு போய்விட்டது. விழுங்க முடியும், விழுங்க வேண்டும் என்கிற எண்ணம்தான் இல்லை. பகலில் அத்தை வந்து கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவார். முக்கால்வாசி கழுத்துத் துண்டுக்குப் போகும்.

அக்கா கெஞ்ச மாட்டாள். "அப்பா, இன்னைக்கு ஒண்ணு பார்த்தேன்" என்று ஆரம்பிப்பாள். வேலையில் கண்ணில் பட்ட ஒரு சின்னச் சந்தோஷம். தினம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்கானதைச் சனிக்கிழமையே பிடித்து வைத்துவிடுவாள். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி ஸ்பூனைத் தூக்குவாள். மீதியைக் கேட்க அப்பா வாயைத் திறப்பார். கிண்ணமும் கதையும் ஒன்றாகக் காலியாகும்.

அந்தச் சந்தோஷங்களின் தரம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. தள்ளுவண்டிச் சக்கரம் இன்று கீச்சிடவில்லை. நூற்றிருபது உறை மடித்ததில் ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. இவள் ஓடி வருவதைப் பார்த்து லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுரைக்கு 'ஆனந்த ஆய்வாளர்' என்று தலைப்பு வைத்தேன். நிலவறையில் உட்கார்ந்து நாட்டின் மொத்தச் சந்தோஷத்தையும் கணக்கெடுக்கும் ஒரு பெண் அதிகாரி. கீச்சிடாத சக்கரத்துக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்புகிறாள். கிழியாத உறைக்கு விருது கொடுக்கும் விழாவில் குலுங்கி அழுகிறாள். கேன்டீனில் சத்தமாக வாசித்தார்கள். ஒருவனுக்குச் சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறியது. எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். எதுவும் சொல்லவில்லை. அப்பா காத்திருந்தார்.

"சாப்பிடுங்கப்பா."

வாய் மூடியே இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணுமில்லப்பா. சாப்பிடுங்க."

மறுநாளும் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பத்தே நாளில் அப்பாவின் கன்னத்தில் குழி விழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். இல்லைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தக் குழாயை அப்பா இரண்டு முறை பிடுங்கி எறிந்திருக்கிறார். மூன்றாம் முறை அவர் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டியபோது நானும் அக்காவும் பக்கத்தில்தான் நின்றோம்.

வீட்டில் அக்காவிடம் பேசினால் அப்பா காதில் விழும். மறுநாள் நேராகச் சலவைப் பிரிவுக்கே போனேன். படி இறங்க இறங்கச் சூடு ஏறியது. வாசலில் சூப்பர்வைசர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தத் தம்பியா? வா வா, இங்க பாரு."

சுவரில் என் கட்டுரை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள்.

"என் பொண்ணு உங்க காலேஜ்தான், அவதான் கொண்டு வந்தா. இத்தனை வருஷத்துல எங்களைப் பத்தி யாருப்பா எழுதினா? டாக்டரைப் பத்தி எழுதுவான், நர்ஸைப் பத்தி எழுதுவான். போர்வை என்னமோ தானா வெளுத்துக்குதுன்னு நெனப்பு. நீ உங்க அக்காவை அதிகாரியாவே ஆக்கிட்டே. அந்த விருது குடுக்கிற இடம் வந்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு."

யாரும் கேலி செய்யவில்லை. எங்கெல்லாம் சிரிக்க வேண்டுமோ அங்கெல்லாம் பேனாவால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில் அதைச் சரியாகப் படித்தவள் ஒருத்திதான்.

அவள் உள்ளே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கூட மடிப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு முனையை நீட்டினாள். ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, எதிரெதிரே நடந்து வந்து, என் மூலைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு விலக வேண்டும்.

"எப்பக்கா படிச்சே?"

"மூலையை நேராப் பிடி."

"சும்மா விளையாட்டுக்கு எழுதினதுக்கா."

"தெரியும். நல்லாத்தான் எழுதியிருக்கே. ரெண்டு இடத்துல எனக்கே சிரிப்பு வந்துச்சு."

நெருங்கி வந்தோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியின் மூலைகளைத்தான் பார்த்தாள்.

"கோபம்னா நாலு அறை விடு. அப்பாகிட்ட மட்டும் எதையாவது சொல்லுக்கா."

"கோபமெல்லாம் இல்லடா. முன்னாடி ஏதாவது கண்ணுல பட்டா, அப்பாகிட்ட சொல்லணும்னு தோணும். இப்ப கண்ணுல பட்டா, இதை நீ எப்படி எழுதுவேன்னு தோணுது. அதோட அது செத்துப்போகுது. நான் என்ன பண்ண?"

அடுத்த விரிப்பை எடுத்தாள். "நீதான் சொல்லிப் பாரேன். உனக்குத்தான் வார்த்தை வருமே."

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் மதியத்துக்கு மேல் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. "அப்பா, இன்னைக்குக் கடைக்கு ஒரு பெரிய நடிகர் வந்தாருப்பா" என்று ஆரம்பித்தேன். கூட்டம், தள்ளுமுள்ளு, என் தோளில் அவர் கை என்று அடுக்கினேன். அப்பா ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்தவர். கழிப்பறையில் ஒளிந்த பயணியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அன்று நான் கடைக்கே போகவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கஞ்சி ஆறி ஏடு கட்டியது.

அடுத்த இரண்டு நாள் கடையில் காகிதத்தைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் மழை.

"அப்பா, இன்னைக்கு ஒண்ணு பார்த்தேன்." அக்காவின் வரிதான். எனக்கென்று ஒரு வரி வரவில்லை. "மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. ஏதோ ஒரு சான்றிதழ், பத்து காப்பி வேணும்னாங்க."

ஸ்பூனைத் தூக்கினேன். அப்பா அசையவில்லை. கண் மட்டும் என் மேல் இருந்தது.

"இறப்புச் சான்றிதழ்ப்பா" என்றேன்.

வாய் திறந்தது.

"குளிர்ல அவங்க விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. மெஷின்ல இருந்து எடுத்து அப்படியே கையில குடுத்தேன். அவங்க எண்ணிப் பார்க்கலை. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு அழுத்திக்கிட்டு..."

திறந்தது.

"சூடா இருக்கேன்னாங்க. என்கிட்ட சொல்லலை. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. அப்புறம், இன்னும் ரெண்டு எடுத்துக் குடு தம்பின்னாங்க."

ஐந்து ஸ்பூன். அக்கா சொன்ன காலத்தில் கிண்ணம் காலியாகும். மீதியை மூடி வைத்துவிட்டு அவர் வாயைத் துடைத்தேன். கதவருகே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"யாரோட சான்றிதழ்டா?"

"பேரைப் பார்க்கலைக்கா."

"பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மழை இல்லை. நாலு மணி வரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"என்னடா, வர்றவன் போறவன் மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கிறே? பேப்பர் சிக்கிடப் போகுது, மெஷினைப் பாரு" என்றார் கடைக்காரர்.

"சரிண்ணே" என்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். நான் அவர்கள் கைகளைப் பார்த்தேன்.