மேற்கே ஓடிய மாப்பிள்ளை வண்டி

மிசூரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதிலிருந்து கர்ட் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்திருந்தான்.

க்ளீவ்லாந்தில் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதன் அவன். மனைவி கார்லா கேட்டதற்கு, "இங்க எவன் எடுக்கப் போறான்? எடுத்தாலும் எங்க கொண்டுபோய் ஒளிச்சு வெப்பான்?" என்று எதிரே கையைக் காட்டினான். எதிரே ஒன்றுமில்லை. புல், வானம், நடுவே ஒரு கோடு மாதிரி சாலை. கர்ட் வடக்கு டகோட்டாவில் கோதுமை வயலுக்கு நடுவே பிறந்தவன். பதினெட்டு வயதில் கிளம்பிப் போனவனுக்கு இருபத்தேழு வருஷம் கழித்துப் பழைய பழக்கம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

கார்லாவுக்கோ பார்த்ததெல்லாம் கேள்வி. பள்ளிக்கூட நர்ஸ் உத்தியோகம்; வயிற்றுவலி என்று வருகிற பையனிடம் பத்துக் கேள்வி கேட்டு, அன்று கணக்குப் பரீட்சை என்பதைக் கண்டுபிடித்துப் பழகியவள். அந்தத் தனி வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மைல் போவார்கள்? கூரை விழுந்த அந்தச் சர்ச்சில் கடைசியாக யாருக்குக் கல்யாணம் நடந்திருக்கும்? எல்லாவற்றுக்கும் கர்ட்டிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"யாரோ இருப்பாங்க, கார்லா. யாருக்காவது நடந்திருக்கும்."

டோப்ரி என்ற ஊரில் மதியச் சாப்பாடு. ஜனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு என்று பலகை சொன்னது. ஒரு தானியக் கோபுரம், ஒரு சர்ச், ஒரு முடிவெட்டும் கடை, அதை ஒட்டி ஓட்டல். மசித்த உருளைக்கிழங்கும் குழம்பும் ஊற்றிய மாட்டிறைச்சி சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, பாப்பி விதை வைத்த கொலாச்சே ரொட்டி ஆறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. கர்ட் வெள்ளை பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "சீட்டைப் பின்னால தள்ளினியா?" என்று முணுமுணுத்தபடி கிளப்பினான்.

முப்பது மைல் போன பிறகுதான் கார்லாவுக்கு உறைத்தது.

"கர்ட், காலைலேருந்து எதிர்ல வர்றவன் எல்லாம் ஸ்டியரிங்லேருந்து ஒத்தை விரலைத்தானே தூக்கினான்?"

"அதான் இங்க வணக்கம்."

"இப்ப முழுக் கையையும் ஆட்டறாங்களே. அந்தப் பால் லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். டிராக்டர்ல போன கிழவர் தொப்பியைக் கழட்டிச் சிரிச்சார். அதுக்குப் பின்னால வந்தவன் நம்மைப் பார்த்துட்டு வாயைப் பொளந்துட்டான். நம்மை எப்படி இவங்களுக்குத் தெரியும்?"

"நல்ல மனுஷங்க. விடேன்."

கார்லா விடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். பின்னிருக்கையில் இருக்க வேண்டிய ஐஸ் பெட்டியைக் காணோம். கொக்கியில் கறுப்புக் கோட்டு சூட்டு ஒன்று, கண்ணாடிக் காகித உறையோடு ஆடிக்கொண்டிருந்தது. கோட்டுப் பையில் வெள்ளைப் பூ குத்தியிருந்தது.

"கர்ட், வண்டியை நிறுத்து."

"ஏன்?"

"இது நம்ம வண்டி இல்ல."

புல்லோரமாக வண்டி நின்றது. கர்ட் சாவியைப் பார்த்தான். சாவிக்கொத்தில் சூரியகாந்திப் பூ பொம்மை. அவன் முகம் சிவந்துபோனது. அதே வெள்ளை, அதே வருஷத்து மாடல், பின்னால் அதே கறுப்பு மூடி. டோப்ரியில் இன்னொருத்தனும் சாவியை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறான்.

"எவன் எடுக்கப் போறான்னு கேட்டியே," என்றாள் கார்லா. "இப்ப தெரிஞ்சுதா?"

கர்ட் வண்டியைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து, முன்பக்கம் சார்ஜில் செருகியிருந்த போன் அடித்தது. திரையில் 'டீனா' என்று ஒரு பெயரும், மணமகள் முக்காட்டோடு ஒரு சின்னப் படமும்.

"எடுக்காதே," என்றான் கர்ட்.

கார்லா எடுத்துவிட்டாள்.

"டேய் லோவெல், எங்கடா ஓடற? ஒரு மணி ஆச்சு! மூணு மணிக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு உன் வண்டி மேற்க பறக்குதுன்னு நாலு பேர் போன் பண்ணிட்டாங்க!"

"அம்மா டீனா, நான் கார்லா..."



"யாரு நீ? அவன் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

நடந்ததைச் சொல்ல ஐந்து நிமிஷம் பிடித்தது. கர்ட் குறுக்கே, "தப்பு என்னோடதுதான்மா, நானும் கோதுமைக் காட்டுக்காரன்தான்," என்று கத்தினான். கடைசியில் டீனா, "அப்ப அவன் எங்க?" என்றாள். பக்கத்தில் யாரையோ விரட்டி, முடிவெட்டும் கடைக்குப் போன் போடச் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: லோவெல் முகம் நிறைய சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறானாம்.

கார்லா சிரித்தாள். டீனா சிரிக்கவில்லை.

"கார்லா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது," என்றாள் மெதுவாக. "அதனாலதான் கேக்கறேன். சீட்டுக்கு நடுவுல ஒரு பெட்டி இருக்கும் பாருங்க."

கார்லாவின் முழங்கை அதன் மேல்தான் இருந்தது.

"மூணு மாசமா வியாழக்கெழமை சாயங்காலம் ஆனா ஆள் காணாமப் போயிடறான். கேட்டா வேலைங்கறான். அறுவடையே ஆரம்பிக்கல, என்ன வேலை? நான் வண்டில ஏறினா அந்தப் பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டே ஓட்டறான். எங்கக்கா சொல்றா, மேற்க ஏதோ ஒரு ஊர்ல யாரோ இருக்காளாம். இதுவரைக்கும் நான் நம்பல. இன்னிக்கு வண்டி மேற்க போகுதுன்னு கேட்டதும் நம்பிட்டேன்." டீனா அழுதாள். "அதைத் தொறந்து பாத்துச் சொல்லுங்க. மூணு மணிக்கு நான் அவன் பக்கத்துல நிக்கலாமா, வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

கர்ட் வேகமாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. மூன்று நாளாகப் பார்க்கிற வீட்டுக்குள் எல்லாம் எட்டிப் பார்க்கத் துடித்தவளுக்கு, இப்போது ஒரு மூடியைத் தூக்கக் கை வரவில்லை. உள்ளே ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் என்ன செய்வது? அதைச் சொல்கிற வாய் தன்னுடையதாக இருக்கும். ஆனால் கேட்கிறவளும் காத்திருக்கிறாள். கார்லா மூடியைத் தூக்கினாள்.

சூரியகாந்தி விதைப் பாக்கெட். டயர் காற்று அளக்கிற கருவி. அடியில் நாலாக மடித்த பழுப்புக் காகிதம், தீவன மூட்டையைக் கிழித்தது. விரித்தபோது மடி முழுவதும் பரவியது.

அதில் பூட்ஸ் கால்களின் அச்சு. பென்சிலால் சுற்றி வரைந்தவை, ஒவ்வொன்றும் சுரைக்காய் நீளம். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்; நடுவே அம்புக்குறிகள்; ஓர் இடத்தில் 'இங்க குதி' என்று. மேல் மூலையில், 'வியாழன் ஏழு மணி, போஸ்ட் ஆபீஸ் பெர்னீஸ் வீட்டுக் கார் கொட்டகை.' கீழே பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு: 'டீனாவோட அப்பாவைப் பாக்காதே. எண்ணிக்கிட்டே இரு.'

கார்லா கர்ட்டைப் பார்த்தாள். அவன் ஓரக்கண்ணால் படித்துவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டே, "போல்கா டான்ஸ்," என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

"இருக்கீங்களா? என்ன இருக்கு?"

"இரும்மா. உங்க கல்யாணத்துல ஆட்டம் உண்டா?"

"ஆட்டமா? எங்க ஸ்வபோடா குடும்பத்துக் கல்யாணத்துல ஆட்டம்தான் கல்யாணம். பாதிரியார் சொல்றதெல்லாம் அதுக்கு முன்னால ஒரு கால் மணி நேரம். சபை நடுவுல மாப்பிள்ளை முதல் போல்கா ஆடணும். எங்கக்கா வீட்டுக்காரன் தடுக்கி விழுந்து ஒன்பது வருஷம் ஆச்சு; இன்னிக்கும் அவனுக்குப் பேரு மூணுகால் ஸ்டூல். லோவெல் ஆட மாட்டான். அவனோட ஹௌகன் குடும்பத்துல யாருமே ஆடினதில்ல. அவங்க சிரிக்கறதே கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை. பரவால்ல, வேணாம்னு நானே சொல்லிட்டேன். அதை ஏன் கேக்கறீங்க?"

"அவன் ஆடணும்னு உனக்கு ஆசை இருந்துதா?"



"சின்ன வயசுலேருந்து," என்றாள் டீனா.

கார்லா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். சொல்லிவிட்டால் அழுகை இந்த நிமிஷமே நின்றுவிடும். மூன்று மாத வியாழக்கிழமைகளும் அந்த நிமிஷத்தோடு போய்விடும்.

"நிக்கலாம்," என்றாள்.

"என்ன பாத்தீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"பொண்ணா?"

"சத்தியமா இல்ல. முப்பது மைல் உன் மாப்பிள்ளை வண்டியைத் திருடிக்கிட்டு வந்தவ பேச்சை நம்புன்னு கேக்கறது அநியாயம்தான். ஆனா கேக்கறேன்."

போனில் டீனாவுக்குப் பின்னால் யாரோ, "என்னடி சொல்றா? கல்யாணம் உண்டா இல்லையா?" என்றார்கள். கார்லா பொறுக்க முடியாமல் இன்னும் ஒன்றைச் சொன்னாள்.

"குதிகால் செருப்பு போடாதே, கண்ணு. முன்பக்கம் நல்லா கெட்டியா மூடினதா ஏதாவது போட்டுக்க."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று கார்லாவுக்குப் புரியவில்லை. "என்கிட்ட மாட்டுக் கொட்டகை பூட்ஸ்தான் இருக்கு," என்றாள் டீனா. பிறகு அக்காவைப் பார்த்துச் சத்தமாக, "உண்டு! போய் கேக்கை எடுத்து வை!"

டோப்ரியில் லோவெல் ஓட்டல் வாசலில் நின்றிருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தில் முடிவெட்டுகிறவர் துணி. சாவியை வாங்கியதும் முதலில் நடுப்பெட்டியைத்தான் பார்த்தான்.

"அதை யாரும்..."

"எதை?" என்றாள் கார்லா. "ஓடிப் போய் சட்டையை மாத்துப்பா. மணி ரெண்டாகுது."

டீனா அவர்களைப் போக விடவில்லை. சாயங்காலம் ஊர்க்கூடத்தில் கர்ட்டும் கார்லாவும் நாலாவது மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம், "வண்டித் திருடன் நீங்கதானா?" என்று கர்ட்டின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அக்கார்டியன்காரர் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். மூணுகால் ஸ்டூல் முன்வரிசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

லோவெல் எழுந்தான். வெள்ளை கவுனுக்கு அடியில் பழுப்பு பூட்ஸ் தெரிய நின்ற டீனாவின் முன்னால் போய்க் கையை நீட்டினான். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது எதற்கு நீள்கிறது என்று தெரியாதவள்போல. பிறகு பிடித்துக்கொண்டாள்.

முதல் சுற்றிலேயே அவள் காலை மிதித்தான். இரண்டாவது சுற்றில் மிதிக்கவில்லை. மூன்றாவதில், சரியான இடத்தில் குதித்தான். அவன் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்தன. ஐந்தாவது சுற்றில் டீனாவும் கூடவே எண்ண ஆரம்பித்தாள்.