மேசையில் ஊன்றிய கை

"ஆடாதே. அசையாதே. மூச்சை நிதானமா விடு. நிதானமான்னு சொன்னேன்ல! அப்படி என்ன அவசரம் உனக்கு?"

காலை ஆறேகால் மணிக்கு ஒரு மனுஷிக்குக் கிடைத்த உபதேசம் இது. சமையலறை மேசைமேல் இடது கையை நீட்டி வைத்தபடி டிரைவரம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் சுற்றியிருந்த பட்டை புஸ்ஸென்று உப்பிக்கொண்டிருந்தது. அவள் தலைக்குப் பின்னால், நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிரஷர் மெஷினின் சின்னத் திரையையே முறைத்தபடி நின்றார் அவள் வீட்டுக்காரர்.

நூற்று அறுபத்திரண்டு. கீழே நூறு.

"போச்சு! நேத்தைவிட நாலு ஜாஸ்தி. சாயந்திரம் அந்த உப்பு பிஸ்கட்டைத் தின்னியா?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

"ஒண்ணா? அந்த ஒண்ணுதான் ஆளைக் கொல்லும்!"

அவள் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் நோட்டில் எண்ணை எழுதி, அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார்.

தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை முத்திரையார் என்பார்கள். முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளைச் சோதித்து, எடை சரியென்றால் முத்திரை குத்திய அரசாங்க ஆய்வாளர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. கைக்கு வேலை போனதே தவிர, கண்ணுக்குப் போகவில்லை. கேஸ் குழாய், தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டுக்காரரின் வண்டி டயர் என்று எதையாவது சோதித்துக்கொண்டே இருப்பார். இப்போது பெண்டாட்டியின் ரத்தமே சோதனைக்குக் கிடைத்திருக்கிறது. மனிதர் விடுவாரா?

விளையாட்டுச் சமாசாரமும் இல்லை இது. இருபத்திரண்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். இந்த வருஷ உடல் சோதனையில் பிரஷர் எகிறியிருந்தது. "பதினஞ்சு நாள் தினமும் காலையில வீட்டிலேயே பார்த்து எழுதிட்டு வாங்க. நூத்தி நாப்பதுக்குக் கீழ நின்னா பஸ்ஸை எடுக்கலாம். நிக்கலைன்னா ஸ்டியரிங்கை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் டெப்போவில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்கு டிரிப் சீட்டு எழுதித் தரும் வேலை. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பஸ்ஸை வேறு எவனோ கிளப்பி, கியரைக் கரகரவென்று அரைப்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படியே மேசையோடு மேசையாகிவிடுவோமோ என்ற கவலை அவளை அரித்தது.

அவளைவிட அவரை அரித்தது. வீட்டில் உப்பு ஜாடி அலமாரியின் உச்சிக்குப் போனது. காப்பி நின்றது. டிவியில் செய்தி நின்றது. தெரு இரைச்சல் ஆகாதென்று ஜன்னல்களைச் சாத்தினார்; காற்றோட்டம் வேண்டுமென்று திறந்தார்; மறுபடி சாத்தினார். "நீ அமைதியா இருக்கணும், புரியுதா? அமைதியா!" என்று அவர் போட்ட கூச்சல் மூன்றாவது மாடிவரை கேட்டது. எண் மட்டும் இறங்கவே இல்லை.

எட்டாம் நாள் அவள் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவர் டெப்போவுக்கு ஓடினார். டிரிப் சீட்டு மேசையில் ஆளில்லை. நடைக் கோடியில் முதலுதவி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டெப்போ நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

"நூத்தி இருபத்தி நாலு. கீழ எழுபத்தெட்டு. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு நல்லா இருக்காது போங்க."

முத்திரையார் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். "உங்க மெஷின் ரிப்பேர்!"

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். டிரைவரம்மா முகத்தில் ஈயாடவில்லை. வீட்டு எண்ணில் நம்பிக்கை இல்லாமல், நாலு நாளாக அவருக்குத் தெரியாமல் இங்கே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளும் நூத்தி முப்பதைத் தாண்டலை சார்" என்றார் நர்ஸம்மா.

"அதான் சொல்றேனே, ரிப்பேர்னு! ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டினா ஒண்ணு பொய். அதே கல்லை ரெண்டிலயும் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சுபோகும். இருங்க, வரேன்."

அரை மணியில் வீட்டு மெஷினோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். இங்கே அந்தக் கல் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அவளை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். முதலில் டெப்போ மெஷின்: நூற்று ஐம்பத்தாறு. பிறகு வீட்டு மெஷின்: நூற்று ஐம்பத்தெட்டு.

"பார்த்தீங்களா! என் மெஷின் சரி!" என்று அவர் சந்தோஷத்தில் குதித்தே விட்டார். எதற்குக் குதித்தோம் என்பது அடுத்த கணம்தான் உறைத்தது. டிரைவரம்மா அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ரெண்டும் சரிதான் சார். அரை மணி முன்னால காட்டினதும் சரிதான்" என்றார் நர்ஸம்மா. "கொஞ்சம் வெளிய நில்லுங்க. கதவைச் சாத்திடுங்க."

வெளியே ஐந்து நிமிஷம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்புக் குடுவையின் தேதியைப் படித்தார். காலாவதியாகவில்லை, அதற்காகக்கூட ஒருவரையும் கூப்பிட்டுத் திட்ட வழியில்லை.

நர்ஸம்மா கதவைத் திறந்து அவருடைய மெஷினையே நீட்டினார். நூற்று இருபத்தாறு.

"அதே நாற்காலி, அதே கை, உங்க மெஷின். மாறினது ஒண்ணே ஒண்ணுதான் சார்."

அவருக்குச் சட்டென்று ஒரு காய்கறிக் கடை நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த புதிது. ஒரு தராசு ஒவ்வொரு தடவையும் நாற்பது கிராம் கூடக் காட்டியது. செல்லாது என்றார். கடைக்காரர் ரிப்பேர் பார்த்து வைத்தார். மறுபடி செல்லாது என்றார். கடைக்காரர் அழாத குறை. மூன்றாம் தடவை அவருடைய பியூன்தான் காதோரம் வந்து, "ஐயா, உங்க கை மேசைமேல இருக்கு" என்றார். ஆட்டம் கண்ட பலகை மேசை. அதில் இவர் கையை ஊன்றிச் சாய்த்துக்கொண்டு, தராசு பொய் சொல்கிறது என்று ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தராசுக்கு முன்னால் நின்றால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். முப்பது வருஷம் தவறாத பழக்கம் அது.

"உங்களுக்கு எப்ப சார் கடைசியா பிரஷர் பார்த்தீங்க?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று மெஷினைப் பையில் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்று மாலை அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆக, உனக்கு எமன் நான்தான். அப்படித்தானே? ஊருக்கே சொல்லிட்டு வந்துட்டியா? உப்பைக் குறைச்சது யாரு? காலையில அலாரம் வெச்சு எழுந்தது யாரு? உனக்காகத்தானேடி இவ்வளவும்!"

அவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களை யாரும் கெட்டவர்னு சொல்லலைங்க. நீங்க பயப்படுறீங்க. அந்தப் பயத்தை என் கையில கட்டி உப்ப வைக்கறீங்க."

"பயமா? எனக்கா?"

"உங்கண்ணன் போனதுல இருந்து நீங்க என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. நான் தும்மினா வந்து நிக்கறீங்க. படியேறினா கூடவே எண்ணுறீங்க. தூங்கிட்டிருந்தா மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்க்கறீங்க. தெரியாதுன்னு நினைச்சீங்களா? உங்க கண்ணைப் பார்த்தா நான் ஏற்கெனவே செத்துட்ட மாதிரி இருக்குங்க எனக்கு."

போன வருஷம் அண்ணன் சாப்பாட்டு மேசையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பிரஷர் இருந்தது அண்ணனுக்கே தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இவர். ஊரில் ஒரு தராசு விடாமல் சோதித்த மனிதர், பக்கத்தில் இருந்த ஆளைக் கவனிக்கவில்லை. அதைத்தான் ஒரு வருஷமாக நெருப்பை மடியில் கட்டிக்கொண்ட மாதிரி சுமந்து திரிந்தார்.

"உன்னையும் விட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

"நான் எங்கயும் போகலை. பஸ் ஓட்டத்தான் போகணும்." அவள் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நர்ஸம்மா டாக்டர்கிட்ட பேசிட்டாங்க. பழைய கணக்கு வேண்டாம், புதுசா ஏழு நாள் போதும்னு சொல்லிட்டாங்க. ஏழு நாளும் காலையில ஆறு மணிக்கு வெளிய போயிடுங்க. நானே பார்த்து நானே எழுதுறேன். நோட்டைத் தொடக் கூடாது. எவ்வளவுன்னு கேக்கவும் கூடாது."

"கேக்கவும் கூடாதா?"

"கூடாது."

ஆறு மணிக்கு வெளியே போவது பெரிய காரியமா? அந்த மனிதருக்குப் பெரிய காரியம்தான். குட்டி போட்ட பூனை மாதிரி கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்நேரம் பட்டையைச் சுற்றியிருப்பாள். இறுக்கிச் சுற்றினாளோ, தளர்வாகச் சுற்றினாளோ? கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டுமே, இருக்கிறதா? ஐந்தாவது சுற்றில் வாசல் காவலாளி, "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா? நானும் தேடறேன்" என்று டார்ச்சோடு எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. மாடிப்படி ஏறி, வீட்டுக் கதவில் காதை வைத்தார். உள்ளே மெஷின் உறுமி ஓய்ந்து, பீப் என்றது. அவருடைய நெஞ்சு திக்குதிக்கென்று அடித்தது. படியேறியதால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏறியது எட்டே படி.

ஐந்தாம் நாள் அவள் நோட்டை மேசைமேலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். சோதிக்கத்தான் வைத்தாளோ, மறதியோ. அவர் கை தன்னால் நீண்டது. விரல் அட்டையில் பட்டுவிட்டது. ஐயா, உங்க கை மேசைமேல இருக்கு. அவர் கையை வெடுக்கென்று இழுத்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் வரும்வரை சுவர் பக்கம் திரும்பி நின்றார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் வாய்க்குள் சிரித்த மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் காலை டாக்டரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினாள். "சரின்னு சொல்லிட்டா நேரா டெப்போ போய்ப் பதினோரு மணி டிரிப்பை எடுத்துடுவேன்" என்றாள். அவர் வாயில் பத்துக் கேள்வி வந்து முட்டியது. "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்கே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். பதினொன்று அடித்தது. ஒரு பஸ் வந்தது, ஓட்டியவர் மீசைக்காரர். இன்னொன்று வந்தது, அதிலும் அவள் இல்லை. டாக்டர் முடியாது என்று சொல்லியிருப்பார். அவள் எங்கேயாவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். எல்லாம் என்னால்தான். பதினொன்று பத்து. அவருக்குக் கை சில்லிட்டுப்போய், காதுக்குள் இரைந்தது.

பதினொன்று பதினைந்துக்கு மூன்றாவது பஸ் வளைவில் திரும்பியது. சீராகத் திரும்பி, ஒரு குலுக்கல் இல்லாமல், அவர் காலடியில் வந்து நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் அவள்.

அவர் முன்வாசலில் ஏறினார். எவ்வளவு? பெல்ட் போட்டியா? டாக்டர் என்ன சொன்னாங்க? வளைவுல ஏன் அவ்வளவு வேகம்? அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. அவள் தலைக்கு மேலே பலகையில் எழுதியிருந்தது: ஓட்டுநருடன் பேசாதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிற பலகை அது.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பியைக்கூடப் பிடிக்காமல், தட்டுத் தடுமாறிக் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். முன் கண்ணாடியில் அவள் கண்கள் அவரைத் தேடிப் பிடித்தன. அவர் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவள் மெதுவாகப் பஸ்ஸைக் கிளப்பினாள்.

கண்டக்டர் வந்தார். "எங்க சார்?"

"டெப்போ. நர்ஸம்மாவைப் பார்க்கணும்."

"ஏன் சார், அம்மாதான் பாஸ் ஆயிட்டாங்களே! தெரியாதா உங்களுக்கு? இன்னும் யாருக்கு?"

முத்திரையார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குத்தான்" என்றார்.