வாப்பா மோதிரத்தில் பட்சி

அப்துல் ஜப்பார் பாய் மோதிரத்தைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த பரசுராமன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் பரசுராமன் ஆச்சாரியைத் தெரியாதவர் கிடையாது. சிப்காட் கம்பெனி ஆட்களுக்கு மோதிரத்தில் பேர் வெட்டுவது அன்றாடப் பிழைப்பு. முத்திரை மோதிரம் வெட்டுவதுதான் அவருக்குப் பெருமை. உருவத்தை இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். அப்போதுதான் அரக்கில் அமுக்கினால் நேராக விழும்.

பழவேற்காட்டிலிருந்து பாய் கொண்டுவந்தது, செத்துப்போன அவர் வாப்பாவின் வெள்ளி மோதிரம். சரக்கு மூட்டைக்கும் கடுதாசிக்கும் அரக்கு வைத்து அமுக்கியது. பாய்மரக் கப்பலும் கீழே அலையும்தான் குடும்பச் சின்னம். மகன் பைசலின் நிக்காஹ்வுக்கு அதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டும்.

பழைய முத்திரையை முதலில் மெழுகில் ஒற்றி வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எதையும் தொட வேண்டும். அன்றைக்கு என்ன கிரகமோ, கறுத்துக் கிடக்கிறதே, பளபளவென்று கொடுத்தால் பாய் சந்தோஷப்படுவாரே என்று நேராகப் பாலீஷ் மோட்டாரில் பிடித்துவிட்டார். ஏற்கெனவே தேய்ந்த வெள்ளி. துடைத்துப் பார்த்தால் கப்பலும் அலையும் போய் மொழுமொழுவென்று இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஞாபகத்தில் இருந்த கப்பலைப் பழசு, புதுசு இரண்டு மோதிரத்திலும் வெட்டினார். பாய்மரத்துக்கு மேலே கொஞ்சம் இடம் காலியாக நின்றது. அங்கே என்னமோ இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கழனிக்காரர்களுக்கு வழக்கமாக வெட்டும் அன்னப்பட்சியைச் சின்னதாக அங்கே வைத்துவிட்டார்.

"இன்னா ஆச்சாரி, மேல பட்சி கீது?" என்றார் பாய்.

பழசில் பட்சியே இல்லை என்பது அப்போதுதான் பரசுராமனுக்கு உறைத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"பழசுலயே இருந்துச்சி பாய். அழுக்கு மூடிக்கினு இருந்துது. தேஞ்ச கோட்ட ஆழமாக்கி உட்டேன், எயுந்துக்கிச்சி."

"நல்லா பாத்தியா?"

"முப்பது வருசமா இத்ததான பாய் பாத்துகினு கீறேன்."

பாய் மோதிரத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் தங்கச்சி ஆபிதா சின்னப் புள்ளையா இருக்க சொல்ல, பொன்னேரி தேருல ஒரு மண்ணு கிளி வாங்கியாந்தா. உயிருள்ள உருவம் ஊட்ல இருந்தா அல்லா அனுப்புற மலக்கு வரமாட்டாங்கன்னு வாப்பா அத்த தரையில போட்டு ஒடச்சாரு. மூணு நாளு அயுதா. அவரு கையில இது இருந்துருக்குதே. இத்த போட்டுக்கினா தொழுதாரு?"

பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டுலயும் வழிச்சி உட்று. ஆபிதா காதுக்கு மட்டும் போவக்கூடாது."

பாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரசுராமன் பட்சியைச் சுரண்டி எடுத்தார். பாய் மோதிரங்களை வாங்கிக்கொண்டு, வைத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போனார். எப்போதும் வாசல்வரை பேசிக்கொண்டே போகிற மனுஷர்.

"பாய் மூஞ்சே செரியில்லையே, இன்னா சொன்ன அவர?" என்றாள் மனைவி ஈஸ்வரி.

"ஒண்ணும் இல்ல, உன் வேலைய பாரு."

நான்கு நாள் அவருக்குக் கை வேலையில் நிற்கவில்லை. மோதிரத்தைக் கெடுத்தது தொழிலில் நடக்கிற பிசகு. செத்த மனுஷனை அவர் பெற்ற மகனிடமே பொய்யனாக்கியது? ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் பொன்னேரியில் மாறி பழவேற்காடு போய்ச் சேர்ந்தார்.

கூடத்தில் பாயும் ஆபிதாவும் கல்யாணப் பத்திரிகைகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் பாய் வேகமாக எழுந்தார்.

"வா ஆச்சாரி, வெளிய போய் பேசலாம்."

"இல்ல பாய், இந்த அம்மாவும் கேக்கணும். அந்தப் பட்சி பழசுல இல்ல. நான் வச்சது."

"இன்னா பட்சி?" என்றாள் ஆபிதா.

மெழுகில் ஒற்றாதது, மோட்டாரில் பிடித்தது, வாப்பா மேல் பழி போட்டது எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். பழைய மோதிரத்தில் இப்போது இருப்பதும் தன் கை வேலைதான், பெரியவருடைய முத்திரை போயே போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆபிதா அண்ணனைப் பார்த்தாள். "நீ நம்புனியா? நம்ம வாப்பாவ?"

பாயின் கண்ணில் நீர் திரண்டது.

"ஒவ்வொரு தொழுகைக்கும் அவருக்கு துவா கேப்பேன். நாலு நாளா கேக்கலம்மா. வாயி வரல."

பாயின் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பரசுராமன் வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்க போற?" என்றாள் ஆபிதா. "அண்ணன் கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு தொழப் போவுது. தொழுதுட்டு வந்து உன்ன வாய்க்கு வந்தபடி திட்டும். அத்த வாங்கிக்காம நீ பஸ் ஏறலாம்னு பாக்குறியா? உக்காரு."

உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. பரசுராமன் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.