எழுநூற்றைம்பது வாட்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, எத்தனை வாட் என்று கேட்டாலே கொட்டாவி வந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு பெரிதாக இருக்க வேண்டும், மூன்று விசிறி சுற்ற வேண்டும், கலர் கலராக எரிய வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கார்டுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி கேபினட்டுக்குள் ஒரு மூலையில் கிடக்கிறது, வெளியே தெரியாது. அதனால் அதில்தான் மிச்சம் பிடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படூரில் பிரபா அண்ணன் கடையில் ஆறு வருடமாக இந்தக் கோபத்தோடுதான் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். "ஜெனிட்டா கைல மாட்னா கணக்குப் பாடம் எடுப்பா" என்று காலேஜ் பசங்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

நிதின் அப்படியில்லை. மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன், இருபத்துமூன்று வயது. நாலு நண்பர்களோடு டீம் சேர்ந்து ஆன்லைன் போட்டிகளில் ஆடுவான். புதுக் கார்டு மாற்ற வந்த அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வியே, "அக்கா, என் பழைய பொட்டி இத்த தாங்குமா?" என்பதுதான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உட்கார வைத்துப் பேப்பரில் போட்டுக் காட்டினேன்.

"பழைய கார்டு எழுபத்தஞ்சு வாட். அதுக்குத் தனி ஒயரே வேணாம். புதுசு முன்னூறு. பிராசசர் நூத்தி இருவது. மத்ததெல்லாம் சேத்து அறுவது. ஆச்சா, நானூத்தி எம்பது. ஆனா ஆட்டம் சூடு புடிக்கும்போது கார்டு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஒன்றரை மடங்கு இழுக்கும். அதுக்கும் சேத்து எழுநூத்தி அம்பது இருந்தாத்தான் நான் மாட்டுவேன்."

"அப்ப அதையே மாட்டுக்கா. நீ சொன்னா சரி" என்றான்.

நாங்கள் வழக்கமாகப் போடும் பெட்டி அன்று ஸ்டாக் இல்லை. பிரபா அண்ணன் முந்தின வாரம் எங்கிருந்தோ மொத்தமாகப் பன்னிரண்டு பெட்டி இறக்கியிருந்தார், பெயரே கேள்விப்படாத கம்பெனி. "எழுநூத்தி அம்பதுன்னு போட்டுகீது பாரு" என்று ஸ்டிக்கரைக் காட்டினார். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். திறந்தும் பார்க்க முடியாது, சீல் உடைந்தால் கம்பெனி வாரண்டி போய்விடும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறதை நானும் செய்தேன். கையில் தூக்கிப் பார்த்தேன். நல்ல பெட்டிக்குள் செம்புச் சுருளும் இரும்பும் நிறைய இருக்கும், கனக்கும். டுபாக்கூர் பெட்டி காலி டப்பா மாதிரி வரும். இது நன்றாகவே கனத்தது. "நல்ல வெயிட்டு. தைரியமா ஆடுடா" என்று நிதினிடம் சொன்னேன். அந்த வாரமே மற்ற பதினொன்றும் என் வாய் வார்த்தையில்தான் விற்றுப்போயின.

சரியாக ஆறு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, நிதின் ஆட்டோவில் வைத்துக் கேபினட்டைக் கொண்டுவந்தான். பின்பக்கம் முழுக்கக் கரி. வலது கையில் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தான்.

"நேத்து மத்தியானம் மேட்ச் ஆடிகினு இருந்தேங்க்கா. டமார்னு ஒரு சத்தம். பின்னாடி நெருப்பு பூந்து ஜன்னல் ஸ்க்ரீன்ல புடிச்சிக்கிச்சு. எங்க அக்கா பொண்ணு அங்கதான் படம் வரைஞ்சிகினு இருந்துது. அத்த வெளிய தூக்கிப் போட்டுட்டு பிளக்கப் புடுங்கறதுக்குள்ள கை வெந்துடுச்சு. கார்டும் அவுட்டு."

பிரபா அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "மாமல்லபுரம்தானே? உப்புக்காத்து நைனா. உள்ள பூந்து பேஜாரு பண்ணிடும். நீ போயி நாஸ்தா பண்ணிகினு வா, அக்கா பாத்து வெக்கும்" என்றார்.

இந்த உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்ன பழுது என்று எழுதிக் கஸ்டமரிடம் கொடுக்கிற ஜாப் கார்டில் 'உப்பு' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் வாரண்டி அத்தோடு செத்தது. கடலோரத்திலிருந்து வருகிற யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அவர்கள் வீட்டு கேட் துருப்பிடித்திருக்கும், ஃபேன் துருப்பிடித்திருக்கும், கம்ப்யூட்டரும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பித் திரும்பிப் போவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். பல தடவை உண்மையாகவே உப்புதான். சில தடவை ஆளைத் துரத்துவதற்காக. அதையும் மறைக்கவில்லை.

நாலு ஸ்குருவைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். உப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, இருநூறு வாட் தாங்கினாலே அதிகம். அதற்குப் பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றிப் பசை போட்டு ஏதோ ஒட்டியிருந்தது. டேப்பைக் கிழித்தேன். சிமெண்ட். அரைச் செங்கல் அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டி.

எங்களைப் போன்றவர்கள் தூக்கிப் பார்ப்போம் என்று தெரிந்தே வைத்திருக்கிறான். எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, இவள் கை இவ்வளவு எடைக்கு ஏமாறும் என்று அளந்து சிமெண்ட் குழைத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டியைப் பிய்த்துக்கொண்டுபோய் கல்லா மேல் போட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"சத்தியமா தெரியாது ஜெனி." முகம் வெளுத்ததைப் பார்த்தால் நிஜமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவருக்குக் கலர் திரும்பிவிட்டது. "செரி, தெரிஞ்சி இப்ப இன்னா பண்றது? பன்னெண்டும் வித்தாச்சு. இத்த வெளிய சொன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டிதான். உப்புன்னு எழுதி அனுப்பு."

"மத்த பதினோரு வூட்ல?"

"அவனுங்க எல்லாம் சின்னக் கார்டு. ஓடும்."

"அண்ணே, ஏழு பேருக்குப் பெரிய கார்டு. நான்தான் மாட்டுனேன்."

"ஆறு வருசமா என் உப்பத் தின்னுகினு கீற. அத்த நெனச்சிப் பாத்து எழுது."

இதற்கும் உப்புதானா! மண்டைக்குள் என்னவோ அறுந்தது. அந்தக் குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் நெருப்பு வந்திருக்கிறது, இந்த மனிதர் என்னிடம் நன்றிக் கணக்குப் பார்க்கிறார். ஜாப் கார்டை இழுத்துப் பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன்: 'உள்ளே சிமெண்ட் கட்டி. போர்டு இருநூறு வாட்தான். உப்பு இல்லை. தூக்கிப் பார்த்து நல்ல பெட்டி என்று சொல்லி மாட்டியது நான். ஜெனிட்டா.'

பிரபா அண்ணன் எட்டிப் பார்த்துப் படித்தார். "இத்த அவன் கைல குடுத்தன்னா நாளைக்கு வராத."

"வரல."

நிதின் திரும்பி வந்தான். நான் நீட்டிய ஜாப் கார்டைப் படிப்பதற்கு முன்னால், கல்லா மேல் கிடந்த கட்டியை எடுத்து, கட்டுப் போடாத கையால் உருட்டிப் பார்த்தான். கட்டை விரலால் தேய்த்தான், தூள் கொட்டியது. பிறகு படித்தான். பிரபா அண்ணன், "தம்பி, அது வந்து…" என்று ஆரம்பித்தார். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவன் என்னைத்தான் பார்த்தான்.

"கணக்கு போட்டல்ல? வாட்டு வாட்டா எழுதிக் காட்டுனல்ல? அப்பறம் இன்னாத்துக்குக்கா தூக்கிப் பாத்த?"

ஸ்டாக் இல்லை, காத்திரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து நாள் காத்திருந்திருப்பான். ஊரையே வாட் கேட்காதவர்கள் என்று திட்டியவள், கேட்டு வந்த ஒருத்தனுக்குக் கையால் எடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"மத்தவங்களுக்குச் சொல்ட்டியா?" என்றான்.

"இல்ல."

"அப்ப இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

கஸ்டமர் நோட்டை எடுத்தேன். பிரபா அண்ணன் பிடுங்க வந்தார். நிதின் குறுக்கே நின்றுகொண்டான். பட்டியலில் அடுத்த பெயர் தமீம், கோவளம். நம்பரைப் போட்டேன். அவன் அம்மா எடுத்தார்.

"புள்ள கேம் ஆடிகினு கீதும்மா. அப்பறம் பண்ணு."

"ஐயோ, உடனே சுச்ச அணைங்கம்மா! செவுத்துல கீற சுச்சு! பொட்டி வெடிக்கும்!"

"யாரு நீ?"

"ஜெனிட்டா. அந்தப் பொட்டிய உங்களுக்கு மாட்டிக் குடுத்தவ."

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு சுவிட்ச் விழுகிற சத்தம். உடனே தமீம் போனைப் பிடுங்கி, ஜெயிக்கப் போகிற ஆட்டம், எந்த லூசு அணைக்கச் சொன்னது என்று காது கூசுகிற மாதிரி திட்டினான். திட்டி முடிக்கிற வரை லைனிலேயே இருந்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து திட்டினான். அதையும் முழுசாகக் கேட்டுவிட்டு அடுத்த நம்பரைப் போட்டேன்.