ஸ்ரீகண்டன் சார் தந்த என்.ஓ.சி.

கப்பன்பேட்டையில் மூன்றாவது மாடி. வக்கீல் ஸ்ரீகண்டனின் ஆபீசில் சட்டம் தெரிந்த ஆள் ஒருத்திதான். வாசல் போர்டில் அவள் பெயர் இல்லை.

லவினாவுக்கு முப்பத்தொன்பது வயது. பதினான்கு வருடமாக மனு, பதில் மனு, வாதக் குறிப்பு எல்லாவற்றையும் அவள் எழுதுவாள், ஸ்ரீகண்டன் கையெழுத்துப் போடுவார். போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இட்டு வைப்பாள். குறியைக் கண்டதும் அவர் பேனா தானாக இறங்கும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் அவர் அந்தஸ்துக்குக் குறைச்சல்.

அவள் சேர நினைத்தது மூன்று வருட எல்.எல்.பி., காலை வகுப்பு. வேலையில் இருப்பவர்கள் 'ஆட்சேபணை இல்லை' என்று முதலாளியிடம் ஒரு என்.ஓ.சி. வாங்கி வைக்காவிட்டால் விண்ணப்பம் நேராகக் குப்பைக்குப் போகும். அவளுடையது போன வருடமும் முந்தின வருடமும் அங்கேதான் போயிற்று.

"சார், நாளைக்குக் கடைசி நாள்," என்றாள்.

ஸ்ரீகண்டன் நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, டைப் அடிக்கறவாள்ளாம் வக்கீலாயிட்டா வக்கீல்ளாம் என்ன பண்றது? டைப் அடிக்கறதா?"

"அதுக்கு அடிக்கத் தெரியணுமே சார்."

"வாய் ஜாஸ்தியாயிடுத்து நோக்கு. எங்க தாத்தா மைசூர் சமஸ்தானத்துல முன்சீப். சட்டம் ரத்தத்துல வரணும். போ, பேஜார் பண்ணாதே."

ரத்தத்தில் வந்த அந்தச் சட்டம்தான் போன வாரம் ஹைகோர்ட்டில் வேறு ஏதோ பிரிவைப் படித்துவிட்டு, "டைப்பிஸ்ட் மிஸ்டேக், மை லார்ட்" என்று பழியை அவள் தலையில் கட்டியது.

மறுநாள் காலை லவினா என்.ஓ.சி.யை அவருடைய லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக் கட்டின் உச்சியிலேயே வைத்தாள். ஒளிக்கவில்லை. தலைப்பைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். பென்சில் குறியும் இட்டிருந்தாள்.

ஸ்ரீகண்டன் போனில் ஒரு கட்சிக்காரரை வறுத்துக்கொண்டிருந்தார். "படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்றேளே, வெக்கமா இல்லே?" சொல்லிக்கொண்டே பதினாறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை விண்ணப்பம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து நேர்காணல். மேசைக்குப் பின்னால் பிரின்சிபால் கோமளம். பக்கத்தில் நிர்வாகக் குழுவின் கௌரவ உறுப்பினர் ஸ்ரீகண்டன். அவருக்கு அந்தக் கல்லூரியில் கௌரவப் பதவி என்பது லவினாவுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர், நேர்காணலுக்கே வந்து உட்காருவார் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

"இவளா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், இது என் ஆபீஸ் டைப்பிஸ்ட். நான் என்.ஓ.சி. தரவே மாட்டேன்னுட்டேன். ஃபைல்ல ஏதாவது இருந்தா அது ஃபோர்ஜரி. போலீசைக் கூப்பிடுங்கோ."

கோமளம் ஃபைலை அவர் பக்கம் திருப்பினார். "கையெழுத்து உங்களுதுதானே சார்?"

தாளில் கால்வாசியை அடைத்துக்கொண்டு, கீழே இரண்டு கோடும் மூன்று புள்ளியுமாகக் கிடந்த அந்தக் கையெழுத்தை ஊரில் வேறு யாராலும் போட முடியாது. போடவும் கூசுவார்கள். ஸ்ரீகண்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். லவினா அடித்த ஒரு காகிதத்தை அவர் முதல்முறையாக முழுசாகப் படித்தார்.

"ஏமாத்தி வாங்கியிருக்கா!"

"படிக்காமப் போட்டீங்களா சார்?" கோமளத்தின் குரலில் அனுதாபம் இருந்தது. அதுதான் மோசம்.

"கட்டுல மேலாக்கதான் மேடம் வெச்சிருந்தேன்," என்றாள் லவினா. "அன்னிக்கு சார் பதினாறு கையெழுத்துப் போட்டாரு. மீதி பதினஞ்சும் கோர்ட்ல ஃபைல் ஆயிடுச்சு. அதுல நாலுல, 'வாசித்துப் பார்த்து உறுதி செய்கிறேன்'னு இருக்குது. படிக்கலைன்னு சார் இங்க சொன்னா, அதையும் அங்க சொல்லணும்."

ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்," என்றார் ஸ்ரீகண்டன். "வேலை மும்முரத்துல மறந்துபோச்சு."

கோமளம் விண்ணப்பத்தில் 'அனுமதிக்கலாம்' என்று எழுதி, ஸ்ரீகண்டனும் கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். இந்த முறை அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

லிஃப்ட் வாசலில் ஸ்ரீகண்டன் அவளைப் பிடித்துக்கொண்டார். "கூடவே இருந்து குழி பறிச்சுட்டியே! நாளைலேர்ந்து ஆபீஸ் பக்கம் காலெடுத்து வைக்காதே."

"சரிங்க சார். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஹைகோர்ட்ல நீங்க பேசணும். என்ன பேசணும்னு நான் இன்னும் எழுதலை."

லிஃப்ட் வந்தது. திறந்தது. மூடிக்கொண்டு போனது.

"எட்டு மணிக்கு வந்து தொலை," என்றார்.

"நாளைக்கு வர்றேன். கிளாஸ் ஆரம்பிச்சா பதினொண்ணுக்குத்தான்."

"உருப்படுவியா நீ?"

"ஒரு மணிக்கு ஃபீஸ் கவுண்டர் மூடிடுவாங்க சார்," என்றபடி லவினா படியில் இறங்கினாள்.