இன்னும் ஒரு எட்டு

மூஸ் மானைச் சுட்டு முடித்த நாலாவது நிமிடம், ரோகெர் மரப்பரண் மேல் நின்று கேமராவைப் பார்த்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். "இந்தக் காட்டுக்கு நாம வெறும் விருந்தாளிங்க" என்ற இடத்தில் குரல் மிகச் சரியாகத் தழுதழுத்தது. கார் கொட்டகையில் கோடை முழுக்க ஒத்திகை பார்த்த தழுதழுப்பு அது.

வடக்கு ஸ்வீடனில் வீடுகளுக்குக் கதகதப்பூட்டும் கருவி மாட்டிக்கொடுப்பது அவன் பிழைப்பு. வேட்டை வீடியோ போடுவது அவன் கலை. போன வருட வீடியோவின் கீழே ஒரு புண்ணியவான், "பிர்ச் மரமெல்லாம் நல்லா நடிச்சிருக்கு, மூஸ் எங்கப்பா?" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரி ஐம்பத்திரண்டு வயதுக்காரனை மாணவனாக்கிவிட்டது. வேட்டை வீடியோவை மேம்படுத்துவது எப்படி என்று பதினாலு பாடங்கள் பார்த்தான். இரண்டாவது கேமராவும் அதற்கு முக்காலியும் வாங்கினான், பூனைக்குட்டி போல ரோமம் போர்த்திய மைக் வாங்கினான். வேட்டைக் குழுத்தலைவி குனில்லா ஒன்றுதான் சொன்னாள்: "படம் புடிச்சுக்கோ. ஆனா துப்பாக்கி முதல்ல, கேமரா அப்புறம்."

சுட்டவுடனே வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தான்: "நுரையீரல். அம்பது மீட்டர்ல விழுந்து கிடக்கும்."

"எறங்காத. ஸ்டூரே நாயோட வர்றான், இருபது நிமிஷம்" என்றாள் குனில்லா.

உரை முடிந்ததும், தன் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் படத்தைப் பின்னோக்கி ஓட்டினான். அது சுட்டதற்கும் முன்னால் போய் நின்றது. திரையில் ஆண் மூஸ் இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. குறுக்கே, விலா முழுவதையும் காட்டி நின்றது. ஆனால் கொம்பில் பாதி படத்துக்கு வெளியே இருந்தது. அவன் குரல் கிசுகிசுத்தது: "இன்னும் ஒரு எட்டு." ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூஸ் நகர்ந்தது. வெடி. முதுகு வளைந்தது, பின்னங்கால்கள் உதறின.

மெதுவாக ஓட்டிப் பார்த்தான். இன்னும் மெதுவாக. எத்தனை மெதுவாக ஓட்டினாலும் குண்டு வயிற்றில்தான் பட்டது.

வயிற்றில் பட்ட மூஸை மூன்று மணிநேரம் சும்மா விட வேண்டும். எங்காவது படுத்துக்கொள்ளும். உடனே நாயை விட்டால் எழுந்து ஓடும். குடலை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். வயர்லெஸ்ஸில் சொன்னால் குழுவின் ஒன்பது பேரும் கேட்பார்கள். மூன்று வருடம் முன்பு ஒரு பல் வைத்தியர் இப்படித்தான் வயிற்றில் சுட்டுவிட்டு மழுப்பினார். யாரும் அவரைத் திட்டவில்லை, விலக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் அவருக்கு அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் செப்டம்பர் மாதம் வேட்டைக்குப் போகாத ஆண், வீட்டில் என்ன செய்வான் என்பதே ரோகெருக்குத் தெரியாது.

விரல் அழிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. கீழே பைன்களுக்கு நடுவே ஆரஞ்சுத் தொப்பி ஒன்று தெரிந்தது. அதற்கு முன்னால் கயிற்றை இழுத்தபடி நாய்.

"ஸ்டூரே, நில்லு" என்றான் வயர்லெஸ்ஸில். கொட்டகையில் ஒத்திகை பார்க்காத குரல். "வயித்துல பட்டிருக்கு. வீடியோல தெரியுது."

கரகரப்பு. பிறகு யாரோ: "நுரையீரல்னியேப்பா!"

"எல்லாரும் அங்கங்கயே இருங்க" என்றாள் குனில்லா. "நான் வர்றேன்."

வந்தாள். பரணில் ஏறி உட்கார்ந்து, "போடு" என்றாள். பார்த்தாள். "சத்தத்தோட போடு."

இன்னும் ஒரு எட்டு.

"இத யாருக்குச் சொன்ன?"

அவன் திரையை அணைத்தான்.

"நாலு செகண்ட் நின்னு குடுத்திருக்கு ரோகெர். உனக்குப் பத்தல."

"குனில்லா, அடுத்த வருஷம் நான்..."

"முதல்ல இந்த மூணு மணிநேரம்."

அவள் பிளாஸ்கிலிருந்து ஒரே ஒரு கோப்பை காபி ஊற்றி, இருவருக்கும் நடுவே பலகையில் வைத்தாள். அது யாருக்கு என்று சொல்லவில்லை, அவனும் தொடவில்லை. கீழே நாய் முனகியது. முதல் தூறல் பலகையில் விழுந்தது. பிறகு பிர்ச் இலைகளில், பிறகு மூஸ் போன வழியெல்லாம். இரத்தத் தடம் கரையும் என்று இருவருக்கும் தெரியும்.

முக்காலி மேல் இன்னொரு கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அது இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. எட்டி அணைத்துவிடலாம். அவன் கை எழவில்லை. மைக்கின் ரோமம் மட்டும் மழையில் நனைந்து, மெல்ல மெல்லப் படிந்தது.