என்ன கலர் கார்டு?

என் மனைவி மருந்துக்கடையில் உதவியாளர். மருந்தாளர் உரிமத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் படிப்பையே முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு தடவையும் தேர்வு முடிந்து சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். "எல்லாமே தெரிஞ்ச கேள்விதாங்க" என்றாள். எனக்கு அதில்தான் ஆத்திரம். தெரிந்த கேள்விக்குப் பதில் எங்கே போய்த் தொலைந்தது?

அவள் படிக்கிற லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் முழுக்க மஞ்சள் பேனாவால் பூசி வைத்திருப்பாள். பூசாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதையே திரும்பத் திரும்ப வாசிப்பாள்.

நான் கைடு போடும் பதிப்பகத்தில் பக்கங்களை வடிவமைக்கிறவன். எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்று ஆசிரியர்களுக்கான ஒரு கையேடு என் மேசைக்கு வந்தது. எழுத்தின் அளவைப் பார்க்க வேண்டியவன், உட்கார்ந்து விஷயத்தையே வாசித்துவிட்டேன். திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிப்போகும், பழகியதைத் தெரிந்தது என்று மனம் நம்பிவிடும் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேள்வி கேட்க வேண்டும். மறக்கப்போகிற சமயம் பார்த்து மறுபடியும் கேட்க வேண்டும். என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன்.

உடனே கார்டு தயாரிப்பில் இறங்கினேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். இதயத்துக்குச் சிவப்பு, சிறுநீரகத்துக்கு நீலம், நுரையீரலுக்குப் பச்சை. தொழில் தெரிந்தவன் சும்மா விடுவேனா? ஓரமெல்லாம் வளைத்து வெட்டி, பார்த்தாலே எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றுகிற மாதிரி செய்தேன். சரியாகச் சொன்ன கார்டு அடுத்த வாரத்துப் பெட்டிக்கு, தப்பாகச் சொன்னது நாளைய பெட்டிக்கு. அவள் பட்பட்டென்று பதில் சொன்னாள். நாளைய பெட்டி காலியாகவே கிடந்தது. ஆபீஸில் என் பீற்றல் தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் ஒரு கார்டை எடுத்து வாசித்தேன்.

"கால் வீக்கத்துக்கு, நீர் பிரியறதுக்கு மாத்திரை குடுக்கறோம். ரத்தத்துல எது குறைஞ்சு போகலாம்?"

கரண்டி நின்றது.

"அது என்ன கலர் கார்டுங்க?" என்றாள்.

"நீலம்."

"அப்போ பொட்டாசியம்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்து ஒரு சிவப்புக் கார்டை எடுத்து, வேண்டுமென்றே பச்சை என்று சொன்னேன். இதயத்துக்கான கேள்விக்கு ஆஸ்துமா மருந்தை அசராமல் சொன்னாள்.

"இத்தனை நாளா கலரையா மனப்பாடம் பண்ணிட்டிருந்தே?"

"கலர் அடிச்சது யாரு? நானா கேட்டேன்?"

குரல் ஏறியது. கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா சத்தத்தைக் குறைக்காமலே கேட்டாள். "ஏன்டா, கடைக்கு வர்ற நோயாளி நெத்தியில கலர் ஒட்டிக்கிட்டா வரப்போறான்?"

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். என் கார்டுகளை அள்ளிப் பரணில் போட்டாள். அழகான கார்டுகள், வயிறு எரிந்தது.

மறுநாளே வெள்ளை அட்டைகளை வாங்கி வந்தாள். இந்தத் தடவை எழுதியது அவளேதான். "எங்கிட்ட உறுப்பா வருது? ஆளுங்கதானே வர்றாங்க" என்று சொல்லிவிட்டு, அட்டைக்கு ஓர் ஆளாக எழுதினாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் மூட்டுவலி என்று வருகிறார். எந்த வலி மாத்திரையைக் கொடுக்கக்கூடாது, ஏன்? எல்லா அட்டைகளையும் ஒன்றாகக் கலந்தாள். எனக்கு வெட்டுகிற வேலை மட்டும். ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு போடலாமா என்று பேனாவை எடுத்தேன், பிடுங்கி வைத்துவிட்டாள்.

நோயாளி வேஷம் அம்மாவுக்கு. அதற்காகவே பிறந்தவள் மாதிரி நொண்டிக்கொண்டு வந்தாள். அட்டையில் இருக்கிறதோடு விடவும் மாட்டாள். "மூட்டுவலிம்மா. அப்புறம், நேத்துலேர்ந்து மலம் கறுப்பா போகுது" என்று, உள்ளே ரத்தம் கசிகிற அறிகுறி ஒன்றையும் கூடவே சேர்ப்பாள்.

"அத்தை, அது கார்டுலயே இல்லையே."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? சொல்லு, நான் செத்துக்கிட்டிருக்கேன்."

முதல் வாரம் நாளைய பெட்டி மூட முடியாமல் வழிந்தது. "முன்னாடியாவது ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க" என்று அழுதேவிட்டாள். தப்பாகச் சொல்லித் தேடிப் பிடித்த பதில்தான் தங்கும் என்று கையேட்டை வைத்துச் சமாதானம் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். ஆனால் நாள் போகப் போக அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. பல் தேய்க்கும்போது கேட்கச் சொன்னாள், பஸ்ஸில் கேட்கச் சொன்னாள். தப்பானால், "ஆங், மாட்டிச்சு" என்று கையைத் தட்டினாள். வீடே திருவிழாவாகிவிட்டது. டிவியை யாரும் போடவில்லை.

தேர்வன்று வாசலில் காத்திருந்தேன். அவள் சிரிக்காமல் வெளியே வந்தாள்.

"என்னம்மா?"

"ஒரு கேள்விக்கு நிச்சயமா தப்பு. இன்னும் ரெண்டு சந்தேகம்."

அவள் என் தோளில் தட்டினாள். "போன தடவையெல்லாம் எது தப்புன்னே தெரியாம வந்தேங்க. இப்போ எது தெரியலைன்னு தெரியுது. மத்ததெல்லாம் சரி."

கணினியில் எழுதிய தேர்வு. முடிவு சற்று நேரத்தில் வாசலில் வைத்திருந்த திரையில் வந்தது. தேர்ச்சி. எனக்குக் கண் நிறைந்து எழுத்து கலங்கியது. அத்தனை ஜனங்களுக்கு நடுவில் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் மெல்ல விலகிக் கடையிலிருக்கும் மருந்தாளர் அக்காவுக்கு போன் போட்டாள். நல்ல சேதி சொல்லப்போகிறாள் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன்.

"அக்கா, தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க இரும்புச்சத்து மாத்திரையும் கேட்டா, நடுவுல எவ்வளவு நேரம் விடச் சொல்லணும்?" பதிலைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சே. சரிக்கா, வச்சிடறேன்."

"பாஸானதைச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"நாளைக்கே அப்படி ஒருத்தங்க வந்து நின்னா என்ன சொல்றதுன்னு..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அய்யோ, மறந்தே போயிட்டேங்க."